டாக்டர் அறையில் சில நிமிடங்கள்: முதல் முறை தனியாகப் போகிறவர்களுக்கு

சிறு வயதில் டாக்டரிடம் போனால் நம் வேலை நாக்கை நீட்டுவது மட்டும்தான். காய்ச்சல் என்றைக்கு வந்தது, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, போன முறை என்ன கொடுத்தார்கள் என்பதையெல்லாம் அம்மா ஒப்பித்துவிடுவார். வளர்ந்த பிறகு ஒரு நாள் தனியாகப் போய் உட்கார்ந்து, "சொல்லுங்கள்" என்று டாக்டர் நிமிர்ந்து பார்க்கும்போதுதான் நமக்கு எதையும் சொல்லத் தெரியாது என்பது உறைக்கிறது. நான் முதல் முறை தனியாகப் போனபோது "உடம்பு சரியில்லை" என்றேன். "அதனால்தானே வந்திருக்கிறீர்கள்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு எனக்காகவும் வீட்டுப் பெரியவர்களுக்குத் துணையாகவும் பல காத்திருப்பு அறைகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். அங்கே படும் தொல்லைகள் எல்லாம் சில்லறைத் தொல்லைகள்தாம். பத்து மணிக்கு வரச்சொல்லி பதினொன்றேகாலுக்குக் கூப்பிடுவார்கள். பனிக்கட்டி போன்ற ஸ்டெதஸ்கோப் முதுகில் படும். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் மருந்துச்சீட்டு கைக்கு வரும். தனித்தனியே எதுவும் புகார் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் எல்லாம் சேர்ந்து டாக்டரோடு நமக்குக் கிடைக்கும் சில நிமிடங்களைத் தின்றுவிடுகின்றன. அந்த நிமிடங்களைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகளைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: முந்தின இரவு ஒரு தாள், நான்கு வரி

1984-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இப்போதும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. நோயாளி தன் தொல்லையைச் சொல்லத் தொடங்கியதும் டாக்டர் குறுக்கிட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். சராசரி 18 விநாடி. 2018-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், குறுக்கிடப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு 11 விநாடிகூடக் கிடைக்கவில்லை. டாக்டர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வாசலில் முப்பது பேர் காத்திருக்கும்போது யாராக இருந்தாலும் அவசரப்படத்தான் செய்வார்கள். ஆனால் முதல் வாக்கியத்தை வீணாக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

ஆகவே முந்தின இரவே ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். என்ன தொல்லை, என்றைக்குத் தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. "என்றைக்கு" என்ற இடத்தில் "கொஞ்ச நாளாக" என்று எழுதாதீர்கள். அந்தக் கொஞ்ச நாள் சிலருக்கு மூன்று நாள், சிலருக்கு மூன்று வருடம். தேதி நினைவில்லை என்றால் ஏதாவது ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப் போடுங்கள்: வீடு மாறிய வாரம், தேர்வு முடிந்த மறுநாள்.

தொல்லை ஒன்றுக்கு மேல் இருந்தால் மிகவும் பயப்படுவதை முதலில் எழுதுங்கள். நாம் செய்வதோ நேர் எதிர். சளி, தலைவலி என்று பேசி முடித்து, எழுந்து கதவு வரை போய், கைப்பிடியில் கை வைத்த பிறகு திரும்பி, "இன்னொன்று, இங்கே ஒரு கட்டி மாதிரி இருக்கிறது" என்போம். டாக்டர்கள் எல்லோருக்கும் இந்தக் கதவடிக் கேள்வி பழக்கம். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்கள். கட்டியைப் பற்றி நின்றபடியே ஒரு வரி பதில்தான் கிடைக்கும்.

தாளின் பின்பக்கத்தில் இப்போது சாப்பிடும் மருந்துகளை எழுதுங்கள். அதைவிடச் சுலபம், மாத்திரை அட்டைகளைப் பெயரும் மில்லிகிராம் அளவும் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது. "வெள்ளையாக, உருண்டையாக இருக்கும்" என்ற அடையாளம் யாருக்கும் உதவாது. உலகத்தில் பாதி மாத்திரைகள் வெள்ளையாக, உருண்டையாகத்தான் இருக்கின்றன. கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடும் வைட்டமினும் மருந்துதான், அதையும் சேருங்கள். முடி வளர்வதற்காகப் பலர் விழுங்கும் பயோட்டின் என்ற வைட்டமின் சில தைராய்டு பரிசோதனைகளின் முடிவையே திரித்துக் காட்டிவிடும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் இருமல் நின்றுவிடும். இரவெல்லாம் துடித்த கை சாதுவாகிவிடும். தடிப்பு மறைந்து தோல் பளபளக்கும். வருவதும் போவதுமாக இருக்கும் எதையும் வரும்போதே கைபேசியில் பதிவு செய்து வையுங்கள். தூக்கத்தில் வரும் குறட்டையைக்கூடப் பக்கத்தில் படுத்திருப்பவர் பதிவு செய்யலாம். அவர் மகிழ்ச்சியோடு செய்வார்.

இரண்டாம் படி: காத்திருப்பு

நேரம் கேட்கும்போது நாளின் முதல் இடத்தைக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் மதிய இடைவேளைக்குப் பின் வரும் முதல் இடம். தாமதம் என்பது யாரோ ஒருவர் செய்யும் தவறு அல்ல, சொட்டுச் சொட்டாகச் சேர்வது. ஒவ்வொருவரும் நான்கு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் பதினாறாவது ஆள் ஒரு மணி நேரம் தாமதமாக உள்ளே போவார். அந்த நான்கு நிமிடம் கதவடிக் கேள்வியாகவும் இருக்கலாம்.

டோக்கன் எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்களுக்கு முன் நான்கு பேர்தான் என்று நிம்மதியாக இருக்கும்போது, "ரிப்போர்ட் மட்டும் காட்டணும், ஒரு நிமிடம்தான்" என்று ஒருவர் உள்ளே நுழைவார். அந்த ஒரு நிமிடத்தின் நீளத்தை இதுவரை யாரும் அளந்ததில்லை. அடுத்த முறை நாமும் ரிப்போர்ட்டோடு வருவோம் என்ற நினைவு ஒன்றுதான் அப்போது ஆறுதல்.

வரிசை, டோக்கன் எதையும் பார்க்கக் கூடாத நேரமும் உண்டு. நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், திடீரென்று ஒரு பக்கம் கை கால் தளர்வது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது ஆகியவை வந்தால் கிளினிக்கில் உட்கார்ந்து காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காத்திருக்கும்போது வந்தால் உடனே எழுந்து மேசையில் இருப்பவரிடம் சொல்லுங்கள். எழ முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்லுங்கள். மரியாதை பார்த்து மௌனமாக உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர்.

மூன்றாம் படி: கையில் பட்டை கட்டும்போது

உள்ளே போவதற்கு முன் ஒரு நர்ஸ் எடை பார்த்து, ரத்த அழுத்தம் எடுப்பார். எடையைப் பற்றி ஒன்றே ஒன்று: காலணியைக் கழற்றுங்கள், பையைக் கீழே வையுங்கள். வீட்டு எடைக்கருவியோடு சண்டை போட வேண்டாம். ஒரே கருவியில் போன முறைக்கும் இந்த முறைக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

ரத்த அழுத்தம் அப்படி இல்லை. அதில் வரும் எண் உங்களை வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வைக்கலாம். அப்படிப்பட்ட எண்ணை மிக அவசரமாக எடுப்பார்கள். ஒரு முறை மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்ததும், சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். தொங்கிய கால்கள் தரையைத் தொடவில்லை. நர்ஸ் முகவரி கேட்டுக்கொண்டே இருந்தார், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எண் எங்கோ உச்சியில் நின்றது. அன்று டாக்டரோடு கிடைத்த நேரம் முழுவதும் எனக்கு இல்லாத நோயைப் பற்றிப் பேசியே தீர்ந்துபோனது.

முறையாக எடுப்பது இப்படி: அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, தேநீர், சிகரெட், உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, பட்டையைத் துணி இல்லாத கையில் கட்ட வேண்டும். பேசக் கூடாது. பேச்சு ஒன்றே பத்துப் புள்ளி ஏற்றிவிடக்கூடும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினாலும் எண் பொய்யாக ஏறும். இவற்றில் ஒன்று தவறினாலும் சண்டை போடத் தேவையில்லை. "இப்போதுதான் படியேறி வந்தேன், ஐந்து நிமிடம் கழித்து எடுக்கலாமா?" என்று கேட்டால் போதும். இதுவரை யாரும் என்னிடம் மறுத்ததில்லை.

இத்தனையும் சரியாக இருந்தும் சிலருக்கு டாக்டரைப் பார்த்தாலே அழுத்தம் ஏறும். இதற்கு மருத்துவத்திலேயே வெள்ளைக் கோட்டு உயர் அழுத்தம் என்று பெயர் இருக்கிறது. வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் எடுத்துக் குறித்துக்கொண்டு போனால் உண்மை தெரியும். கிளினிக்கில் எடுத்ததைவிட அந்தக் குறிப்பை மதிக்கும் டாக்டர்கள் உண்டு.

நான்காம் படி: "சொல்லுங்கள்"

வந்த காரியமே இதுதான். தாளை எடுங்கள். பார்த்துப் படித்தால் டாக்டர் தவறாக நினைப்பாரோ என்ற கூச்சம் வேண்டாம். பாராமல் சொல்லி பாதியை விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

"வலிக்கிறது" என்பதோடு நிறுத்தாதீர்கள். வலிக்குத் தமிழில் இருக்கும் சொற்களைப் போல வேறு எதற்கும் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். குத்துகிறது, கடுக்கிறது, உளைகிறது, எரிகிறது, இழுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, சுருக்கென்று தைக்கிறது, மரத்துப்போகிறது, முறுக்கிப் பிழிகிறது. பாட்டிகள் சாதாரணமாகச் சொல்லும் இந்தச் சொற்கள் வெறும் அலங்காரம் அல்ல. எரிச்சலும் மின்சாரம் பாய்ந்தது போன்ற வலியும் நரம்பைக் காட்டலாம். அலையலையாக வந்து பிழிந்துவிட்டுப் போகும் வலி குடல், சிறுநீர்க்குழாய் போன்ற குழாய்களில் அடைப்பைக் காட்டலாம். ஓயாமல் மந்தமாகக் கடுப்பது தசையாகவோ மூட்டாகவோ இருக்கலாம். நீங்கள் நோயைக் கண்டுபிடிக்க வேண்டாம். சொல்லை மட்டும் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள்.

சில சொற்கள் ஏமாற்றவும் செய்யும். "மயக்கம் வந்தது" என்று ஒருவர் சொன்னால் அவர் நினைவு தப்பி விழுந்தாரா, கண் இருட்டிக்கொண்டு வந்ததா, அறை சுழன்றதா, நடக்கும்போது தள்ளாடியதா என்று தெரியாது. நாலும் நாலு வழிக்கு இட்டுச்செல்லும். "அறை சுற்றுவது போல இருந்தது, கண்ணை மூடினாலும் நிற்கவில்லை" என்று சொன்னால் டாக்டர் உடலின் சமநிலையைக் காக்கும் உள்காதைப் பற்றி யோசிப்பார். "எழுந்து நின்றதும் கண் இருட்டியது" என்றால் ரத்த அழுத்தத்தைப் பற்றி. "வயிறு" என்பதும் அப்படித்தான், மார்புக்கூட்டின் கீழிருந்து தொடை இடுக்கு வரை எல்லாவற்றையும் நாம் வயிறு என்றே சொல்கிறோம். விரலை வைத்துக் காட்டிவிடுங்கள்.

பத்துக்கு எத்தனை மதிப்பெண் வலி என்று கேட்டால் பலர் திணறுவார்கள். எட்டு என்றால் மிகைப்படுத்துகிறோமோ, ஐந்து என்றால் கண்டுகொள்ளமாட்டார்களோ என்ற குழப்பம். எண்ணோடு ஒரு காரியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "ஏழு இருக்கும். சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியவில்லை." இரண்டாவது வாக்கியம் எண்ணைவிட நன்றாகப் பேசும்.

துணைக்கு ஆள் அழைத்துப்போவது நல்லதுதான். கேட்டதை மறந்துவிட்டால் நினைவுபடுத்த இன்னொரு தலை இருக்கும். ஆனால் ஆளைப் பார்த்து அழைத்துப் போங்கள். என் சித்தப்பா ஒருவர் துணைக்கு வந்தால் நம் வயிற்று வலியை அவரே சொல்வார், கேள்விக்கு அவரே பதிலும் தருவார், கடைசியில் தம் முழங்கால் வலிக்கும் சேர்த்து மருந்து கேட்பார். போகும் வழியிலேயே "முதலில் நான் பேசிவிடுகிறேன், விட்டுப்போனதை நீங்கள் சொல்லுங்கள் சித்தப்பா" என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது.

தனியாகச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் துணைக்கு வந்தவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லுமாறு டாக்டரையே கேட்கலாம். புகைப்பது, குடிப்பது பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அந்த அறையில் சொல்லும் பொய்யின் விலையை நம் உடம்புதான் கொடுக்கும்.

ஐந்தாம் படி: படுக்கை, குளிர்ந்த உலோகம், நாக்கை அழுத்தும் குச்சி

பொத்தான் சுலபமாகக் கழலும் சட்டை, கை மேலே மடங்கும் உடை, எளிதில் கழற்றும் காலணி. உடையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நகப்பூச்சு வேண்டாம். விரல் நுனியில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி கருநிறப் பூச்சின் வழியே தடுமாறும்.

ஸ்டெதஸ்கோப் சில்லென்று இருக்கும், கேட்டால் உள்ளங்கையில் தேய்த்துவிட்டு வைப்பார்கள். 1816-இல் ரெனே லேன்னெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டதுதான் இதன் தொடக்கம். அதற்கு முன்னால் மார்பில் நேரடியாகக் காதை வைத்துத்தான் கேட்பார்கள். அதை நினைத்தால் குளிர் அவ்வளவு மோசமாகத் தோன்றாது. மூச்சை வாய் வழியாக நிதானமாக இழுத்து விடுங்கள். வேகமாக இழுத்தால் தலை கிறுகிறுக்கும். முக்கியமாக, குழல் அவர் காதில் இருக்கும்போது பேசாதீர்கள். அவருக்கு உங்கள் குரல் இடியாகக் கேட்கும், இதயம் கேட்காது.

தொண்டை பார்க்கும்போது குமட்டல் வருகிறவர்கள் நாக்கை நன்றாக வெளியே நீட்டி நீளமாக "ஆ" சொன்னால் நாக்கு தாழ்ந்து உள்நாக்கு மேலே போகும். பல நேரம் குச்சியே தேவைப்படாது.

ஆறாம் படி: ஊசியும் குப்பியும்

வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொன்னால் எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். கொழுப்புக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை சொல்வார்கள். வேறு விதமாகச் சொல்லாத வரை தண்ணீர் குடிக்கலாம். குடித்தால்தான் ரத்தக்குழாயும் எளிதில் அகப்படும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறே தேவையில்லை. இது தெரியாமல் காலையெல்லாம் பட்டினி கிடந்தவர்களில் நானும் ஒருவன்.

ஊசியைப் பார்த்தால் மயக்கம் வரும் வழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள், படுக்க வைத்து எடுப்பார்கள். அந்த மயக்கம் கோழைத்தனம் அல்ல. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வருவது. ஊசி போடாத கை, கால், தொடைத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கினால் அழுத்தம் இறங்காமல் தாங்கும். எடுத்து முடித்ததும் முழங்கையை மடக்கிப் பிடிக்காதீர்கள். கையை நீட்டியபடியே பஞ்சை அழுத்தினால் நீலம் கட்டுவது குறையும்.

சிறுநீர்க் குப்பியில் முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். முதல் பகுதி தோலில் உள்ள கிருமிகளை அடித்துக்கொண்டு வரும்.

ஏழாம் படி: சீட்டை அங்கேயே படியுங்கள்

டாக்டர் சொன்னதில் 40 முதல் 80 விழுக்காடு வரை வெளியே வந்தவுடனே மறந்துபோகும் என்று இந்தத் துறையில் எழுதியவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் எழுவதற்கு முன் ஒரு முறை நீங்களே திருப்பிச் சொல்லுங்கள்: "இது காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நாள், இது வலி வந்தால் மட்டும். சரிதானே, டாக்டர்?" தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

சீட்டில் இருக்கும் சுருக்கெழுத்துகள் பெரும்பாலும் லத்தீன் மிச்சங்கள். ஓ.டி. (OD) என்றால் நாளுக்கு ஒரு முறை, பி.டி. (BD) இரு முறை, டி.டி.எஸ். (TDS) மூன்று முறை, ஹெச்.எஸ். (HS) படுக்கும் நேரம். ஏ.சி. (AC) உணவுக்கு முன், பி.சி. (PC) உணவுக்குப் பின். எஸ்.ஓ.எஸ். என்பதைப் பார்த்து ஆபத்து என்று நடுங்க வேண்டாம், தேவைப்பட்டால் மட்டும் என்று பொருள். 1-0-1 என்றிருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. நாளுக்கு ஒன்றா, வாரத்துக்கு ஒன்றா என்பதை மட்டும் எப்போதும் வாய்விட்டுக் கேளுங்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை சாப்பிட வேண்டியது. அதை நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு.

இன்னும் இரண்டு கேள்விகள். ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது? எது நடந்தால் நாள் பார்க்காமல் திரும்பி வர வேண்டும்? இரண்டாவதற்குக் கிடைக்கும் பதில்தான் அன்றிரவு உங்களைத் தூங்க வைக்கும்.

எட்டாம் படி: ரிப்போர்ட் வந்த பிறகு

பரிசோதனை முடிவில் தடித்த எழுத்தோ அம்புக்குறியோ இருந்தால் நெஞ்சு திக்கென்கிறது. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான பரிசோதனைகளில் இயல்பு வரம்பு என்று அச்சிட்டிருப்பது, ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேர் அடங்கும் எல்லை. மீதி ஐந்து பேர் நோய் இல்லாமலே வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகள் செய்தால் நலமாக இருப்பவருக்கும் ஒன்றாவது எல்லை தாண்ட 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதற்காக அம்புக்குறியை அலட்சியம் செய்ய வேண்டாம். இரவு பன்னிரண்டு மணிக்கு இணையத்தில் தேடாமல், காலையில் டாக்டரிடம் காட்டுங்கள். மேசையில் இருப்பவரிடம் அதே வசனத்தைச் சொல்லலாம், ஒரு நிமிடம்தான் என்று.

திரும்பி வந்ததும் முந்தின இரவு எழுதிய தாளின் கீழே தேதி போட்டு, டாக்டர் சொன்ன நோயின் பெயரையும் கொடுத்த மருந்தையும் எழுதி, கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு டாக்டர், "இதற்கு முன் எப்போது வந்தது? என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்பார். அப்போது அம்மாவுக்குப் போன் போட வேண்டியிருக்காது.